மடியில் ஒரு புத்தகம்: சின்னக் குழந்தைக்கு வாசித்துக் காட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுக்கு அருகே எங்கள் ஊரில், ஞாயிற்றுக்கிழமை மாலையில் கோவில் திண்ணையில் உட்கார்ந்து குழந்தைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற அம்மாக்களும் தாத்தாக்களும் ஆயாக்களும் (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம்) கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்கு அங்கேயே சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்த பிறகு தோன்றியதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். கைக்குழந்தை முதல் இரண்டாம் வகுப்புப் பிள்ளை வரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியது.

கைக்குழந்தைக்குப் புத்தகம் எதற்கு? அதற்கு என்ன புரியப்போகிறது?

கதை புரியாது, குரல் புரியும். வயிற்றில் இருக்கும்போதே, ஆறேழு மாதத்தில், குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்த சில நாட்களிலேயே அம்மாவின் குரலை வேறு குரலிலிருந்து பிரித்து அறிகிறது. கண்தான் மெதுவாகத் தெளியும். முதல் வாரங்களில் ஒரு சாண் தொலைவில் இருப்பதுதான் ஓரளவு நன்றாகத் தெரியும். அதிலும் கறுப்பு வெள்ளை போன்ற அழுத்தமான நிறங்கள். ஆகவே புத்தகத்தை முகத்துக்குக் கிட்டத்தில் பிடித்து, படத்தைக் காட்டி, நிதானமாகப் பேசினாலே போதும். பிறந்ததிலிருந்தே வாசித்துக் காட்டச் சொல்லிப் பெற்றோருக்கு எடுத்துரைக்கும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-ல் தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. நாம் இதைத் தாலாட்டில் எப்போதோ செய்துவிட்டோம். தாலாட்டின் பொருள் புரிந்தா குழந்தை தூங்குகிறது?

ஆறு மாதம் ஆனதும் புத்தகம் வாய்க்குப் போகும். கடிக்கட்டும். கெட்டி அட்டையில் வருகிற புத்தகங்கள் அதற்காகவே செய்யப்பட்டவை. ஒரு வயதில் தானே பக்கத்தைப் புரட்டும், நான்கு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டும். கதை அறுந்துபோகிறதே என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

புத்தகத்தில் உள்ளதை அப்படியே வாசிப்பதா, வீட்டில் பேசுவதுபோல் மாற்றிச் சொல்வதா?

எல்லோரும் கேட்கிற கேள்வி. எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான்.

வீட்டில் "பூனை வந்துச்சு" என்கிறோம். புத்தகத்தில் "பூனை வந்தது" என்று இருக்கிறது. வாசிக்கிற அம்மாவின் நாக்கு தானாகவே வீட்டுப் பேச்சுக்குத் தாவிவிடும். குழந்தைக்குப் புரியவேண்டுமே என்கிற அக்கறைதான் காரணம். ஆனால் எழுத்துத் தமிழை நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. சந்தையில் பேசுவதில்லை, பஸ்ஸில் பேசுவதில்லை. தொலைக்காட்சிச் செய்தியில் வருகிறது. மூன்று வயதுப் பிள்ளை செய்தியை உட்கார்ந்து கேட்காது. அப்படியானால் அந்தத் தமிழ் குழந்தையின் காதில் எப்போதுதான் விழும்? ஒன்றாம் வகுப்பில் பாடப்புத்தகத்தைத் திறக்கிற அன்றைக்கு. எழுத்தையும் புதிதாகப் பழகவேண்டும், அந்த எழுத்துக்குள் இருக்கிற மொழியையும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்கவேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் ஒரே நாளில் இரண்டு மூட்டை.

எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறான், என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கிறான் என்று ஆசிரியர்கள் வருந்திச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 247 எழுத்தும் தெரிந்த பிள்ளையாகவே இருக்கும். 'வியந்தான்' என்பதை ஒவ்வோர் எழுத்தாகச் சரியாகச் சொல்லும். அதற்கு முன் ஒருமுறையாவது, புருவத்தை உயர்த்தி, குரலை இழுத்து, யாராவது அந்தச் சொல்லை அதனிடம் சொல்லியிருந்தால், எழுத்தைக் கூட்டி முடிக்கும் முன்பே சொல் அதற்கு முகம் காட்டியிருக்கும். ஒலிப்பும் இப்படித்தான். 'பம்பரம்' என்ற சொல்லில் இரண்டு 'ப' இருக்கின்றன; இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதில்லை. வடிவத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சொல்லை முன்பே கேட்ட பிள்ளை யோசிக்காமல் சரியாகச் சொல்லிவிடும்.

அதனால் நான் சொல்வது இது: வரியை முதலில் உள்ளபடியே வாசியுங்கள். தேவைப்பட்டால் வீட்டுப் பேச்சில் அதை விளக்குங்கள். பிறகு அதே வரியை இன்னொரு முறை வாசியுங்கள். நம் பக்கத்துக்கு இது புதிய முறை இல்லை. திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில் பாரதம் படிக்கிறவர் வேறென்ன செய்கிறார்? பாட்டை அதன் ராகத்தோடு சொல்கிறார். பிறகு அதைப் பிரித்து, பந்தலில் இருக்கிறவர்களிடம் பேசுவதுபோலவே பொருள் சொல்கிறார். திரும்பவும் பாட்டுக்குப் போகிறார். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத கிழவிகள் அந்தப் பந்தலில் உட்கார்ந்து, பதினெட்டு நாள் சண்டையையும் காதாலேயே வாங்கியிருக்கிறார்கள்.

ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளையிடம் இவ்வளவு கண்டிப்பு வேண்டாம். அந்த வயதில் படத்தைப் பார்த்து வீட்டுப் பேச்சில் பேசினாலே நிறைவு. மூன்று வயதிலிருந்து வரிகளை உள்ளபடி கொடுக்கத் தொடங்குங்கள். ஆறு மாதத்தில் ஒரு மாற்றம் தெரியும். பொம்மையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது" என்று குழந்தையே சொல்லும். 'இருந்தது' என்கிற சொல்லை அது வேறெங்கே பிடித்திருக்க முடியும்?

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். தமிழில் வாசித்தால் குழம்பிவிடாதா?

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கேட்பது. தெலுங்குக்குப் பதில் கன்னடம், உருது என்றும் வைத்துக்கொள்ளலாம். குழம்பாது. உங்கள் ஊர்க் கடைத்தெருவில் மூன்று மொழி பேசுகிற பத்து வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர்! யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை.

தமிழ்ப் புத்தகமானால் வரியைத் தமிழில் வாசித்துவிட்டு, கதையைப் பற்றிய பேச்சை உங்கள் வீட்டு மொழியில் வைத்துக்கொள்ளுங்கள். யானை ஏன் அழுதது என்பதை அம்மாவின் மொழியில் பேசினால்தான் குழந்தை மனத்தில் உள்ளதைச் சொல்லும். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஒரே கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். ஒருநாள் தமிழில், மறுநாள் தெலுங்கில் என்று வாசித்துப் பாருங்கள். கதை முன்பே தெரிந்திருப்பதால், இரண்டாவது மொழியின் சொற்களைக் குழந்தையே ஊகித்துச் சொல்லும்.

நாங்கள் இருவரும் பெங்களூரில் வேலை பார்க்கிறோம். குழந்தை ஊரில் ஆயாவிடம் வளர்கிறது. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. என்ன செய்வது?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கேட்கிறவர் குரல் தாழ்ந்துவிடுகிறது. தாழவேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரிதான். எழுத்தறிந்தவர் ஏறக்குறைய 68.5 விழுக்காடு. ஆகவே இது உங்கள் வீட்டுக்கு மட்டும் உள்ள நிலை இல்லை. படிக்க வாய்ப்புக் கிடைக்காத ஆயாவின் மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை.

ஆயாவால் படத்தை வாசிக்க முடியும். சொற்கள் குறைவாகவும் படம் நிறைவாகவும் உள்ள புத்தகத்தைக் கொடுங்கள். சொல்லே இல்லாத படப்புத்தகங்களும் உண்டு. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோவிலுக்குப் போயிருந்தால் கூரையைப் பார்த்திருப்பீர்கள். ராமாயணமும் பாரதமும் ஓவியமாக இருக்கின்றன. அண்ணாந்து பார்த்து, இது யார், அடுத்து என்ன நடக்கிறது என்று பேரப்பிள்ளைக்குச் சொல்வதற்கு எழுத்து தேவையில்லை. புத்தகத்திலும் அப்படியே.

எங்கள் தெருவில் பட்டுப்புழு வளர்க்கிற ஒரு வீடு. அந்த ஆயாவிடம் பட்டுப்புழு பூச்சியாகிற படப்புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அரை மணிநேரம் சொன்னார்: எத்தனை முறை தோல் உரிக்கும், உரிப்பதற்கு முன் எப்படித் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருக்கும், கூடு கட்டும்போது தலையை எப்படி ஆட்டும். புத்தகத்தில் மொத்தமே பத்து வரிதான். பத்தாவது பக்கத்தில் புழு ஒரே ஒரு நாளில் கூடு கட்டி முடிப்பதாகப் படம் போட்டிருந்தது. அது இரண்டு மூன்று நாள் வேலை என்று ஆயா சொல்லிவிட்டார். பேத்தி இன்றைக்கும் அந்தப் பக்கம் வந்தால் "தப்பு" என்று விரலை வைக்கிறாள். புத்தகத்தோடு வாதம் செய்யலாம் என்று மூன்றரை வயதில் தெரிந்துகொண்டாள். படித்த வீட்டுப் பிள்ளைகள் பலருக்குக் கிடைக்காதது இது.

உங்கள் பங்குக்கு இன்னொன்று. ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்குங்கள். ஒன்று ஊரில் இருக்கட்டும், ஒன்று பெங்களூரில் உங்கள் அறையில். இரவு வீடியோ அழைப்பில் நீங்கள் அங்கிருந்து வாசியுங்கள். ஆயா இங்கே பக்கத்தைப் புரட்டட்டும். "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்பதற்கு மேல் மூன்று வயதுப் பிள்ளையிடம் தொலைபேசியில் பேச நமக்கு வேறு என்ன இருக்கிறது? புத்தகம் இருந்தால் பேச்சு இருக்கும். இரவுப் பணி உள்ளவர்கள் குரலைப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பக்கம் முடியும் இடத்தில் "இப்போது புரட்டு" என்று சொல்லிப் பதியுங்கள்.

எனக்கே வாசிக்கும்போது திக்குகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை. குழந்தை தூங்கும் நேரத்தில் ஒருமுறை உங்களுக்குள் வாசித்துப் பாருங்கள். பிறகும் திக்கினால் நின்று, அந்தச் சொல்லை மறுபடி சொல்லுங்கள். பெரியவர்களும் நின்று, திரும்பிப் பார்த்து, சரிசெய்துதான் படிக்கிறார்கள் என்பதைக் குழந்தை அப்படித்தான் தெரிந்துகொள்கிறது. நடித்துக்காட்ட வராது என்பவர்களும் கவலைப்படவேண்டாம். நிதானம் போதும். வரிக்கும் வரிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டால் குழந்தை அதில் நுழைந்து ஏதாவது சொல்லும்.

நேரமே இல்லையே, எப்போது வாசிப்பது?

பத்து நிமிடம். தூங்கும் முன் என்பது பலருக்கு ஒத்துவருகிறது, ஏனென்றால் அது எப்படியும் தினமும் வருகிற நேரம். பூப்பறிக்க விடியற்காலையில் எழுகிறவர்களுக்கு இரவில் கண் சொருகும். அவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளட்டும். குழந்தைக்குக் களி ஊட்டும்போது வாசிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். நான் வேண்டாம் என்றே சொல்வேன். அப்போது புத்தகம் சோறு ஊட்டும் தந்திரமாகிவிடும்.

கடைசிப் பருவத்தில் பட்டுப்புழு இரவும் பகலும் இலை தின்னும், வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. மாங்காய் அறுவடையிலும் அப்படித்தான். அந்த ஒரு வாரம் விட்டுப்போனால் போகட்டும். விட்டுப்போனதே என்ற கவலையில் அடியோடு நிறுத்திவிடுவதுதான் நட்டம்.

ஒரே புத்தகத்தையே நாற்பது நாளாகக் கேட்கிறான்.

வாசியுங்கள். உங்களுக்குத்தான் அது பழசு. ஒவ்வொரு முறையும் அவன் வேறு ஒன்றைக் கேட்கிறான், வேறு மூலையில் உள்ள படத்தைப் பார்க்கிறான். ஒரு சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டு நிறுத்திப் பாருங்கள், அவனே நிரப்புவான்.

உட்காரமாட்டேன் என்கிறாள். பக்கத்தையும் கிழிக்கிறாள்.

ஓடிக்கொண்டே கேட்கிற குழந்தைகள் உண்டு. நீங்கள் வாசித்துக்கொண்டிருங்கள், பிடித்த பக்கம் வந்ததும் மடிக்கு வருவாள். கிழித்ததை இருவருமாக உட்கார்ந்து ஒட்டுங்கள். புத்தகத்தைப் பீரோவில் பூட்டிவைப்பதைவிட ஒட்டுப் போட்ட புத்தகம் மேல்.

எந்தப் புத்தகம் வாங்குவது? எங்கே கிடைக்கும்?

வாங்கும் முன் கடையிலேயே ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மூச்சு முட்டினால் வைத்துவிடுங்கள். 'கூறினான்', 'உரைத்தான்', 'பகர்ந்தான்' என்று அடுக்கியிருக்கும் புத்தகம் எழுத்துத் தமிழின் அழகைக் காட்டாது. 'சொன்னான்' என்பதும் எழுத்துத் தமிழ்தான். ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்த புத்தகங்களையும் வாய் உடனே கண்டுபிடித்துவிடும். மூன்று வயது வரை பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரிய எழுத்து. பக்கம் நிறைய நீதி சொல்கிற கதைகளை நான் தவிர்க்கிறேன். நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமானின் கதையை நம் தகடூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதுகூட, அதனால் என்ன தெரிகிறது என்று நான் கேட்பதில்லை. ஒருமுறை ஒரு குட்டிப்பையன், "பாதி பாதி சாப்பிட்டிருக்கலாமே" என்றான். அன்று மாலை முழுக்க அதைப் பற்றித்தான் பேசினோம்.

நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்களில் பல, நூறு ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் உள்ள படப்புத்தகங்களும் போடுகிறது. தருமபுரியிலும் ஓசூரிலும் புத்தகத் திருவிழா நடக்கும்போது குழந்தையையும் கூட்டிப் போய் அதையே தேர்ந்தெடுக்க விடுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு வாசிப்பு இயக்கம் மூலம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகச் சிறு புத்தகங்கள் வந்திருக்கின்றன. மூத்த பிள்ளை பள்ளியில் படித்தால் ஆசிரியரிடம் கேளுங்கள். ஊர்ப்புற நூலகத்திலும் கிளை நூலகத்திலும் சிறுவர் புத்தகங்கள் பீரோவுக்குள் இருக்கக்கூடும். கேட்டால் எடுத்துத் தருவார்கள். கேட்கிற ஆள் இருந்தால்தான் அடுத்த முறை வாங்கவும் செய்வார்கள்.

யூடியூபில் கதை ஓடவிட்டால் போதாதா?

போதாது. அது குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை. பயந்தால் நிற்காது, சிரித்தால் சேர்ந்து சிரிக்காது, "ஏன்" என்று கேட்டால் பதில் சொல்லாது. வேலை இருக்கும்போது கொஞ்ச நேரம் ஓடட்டும், அதைக் குற்றமாக நான் சொல்லவரவில்லை. உங்கள் பத்து நிமிடத்துக்கு மாற்றாக மட்டும் அதை வைக்காதீர்கள்.

வாசிக்கும்போதே எழுத்தையும் சொல்லிக்கொடுக்கலாமே?

நான் செய்து கெடுத்த காரியம் இது. அப்போது என் மகளுக்கு நான்கு வயது. அங்கன்வாடியில் அ, ஆ சொல்லத் தொடங்கியிருந்தாள். அந்த உற்சாகத்தில் இரவுக் கதையின்போது ஒவ்வோர் எழுத்தின் கீழும் விரல் வைத்து "இது என்ன?" என்று கேட்க ஆரம்பித்தேன். நான்காம் நாள் தப்பாகச் சொன்னாள், நான் முகத்தைச் சுளித்தேன். ஒரு வாரத்தில், புத்தகத்தை எடுத்தாலே போர்வைக்குள் போய்விடுவாள். அவளைத் திரும்ப மடிக்குக் கொண்டுவர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் நான் எதுவும் கேட்கவில்லை, வாசிக்க மட்டும் செய்தேன்.

வரியின் கீழே விரலை மெதுவாக ஓட்டுவது நல்லதுதான். சொல் இங்கிருந்து வருகிறது என்று தெரியும். தேர்வு மட்டும் வைக்காதீர்கள். கேள்வி கேட்க ஆசையாக இருந்தால், உங்களுக்கும் விடை தெரியாத கேள்வியாகக் கேளுங்கள்: "இந்த முயல் இப்போது எங்கே போகும்?" குழந்தை ஒரு சொல்லில் பதில் சொன்னால், அதையே ஒரு வரியாக நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள். "வீடு" என்றால், "ஆமாம், முயல் மலைக்குப் பின்னால் இருக்கிற தன் வீட்டுக்குப் போகிறது."

ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கப்போகிறோம். ஆங்கிலப் புத்தகம்தானே வாசிக்கவேண்டும்?

உங்களுக்கு எந்த மொழியில் சிரிக்கவும் கோபப்படவும் கதை அளக்கவும் வருமோ அந்த மொழியில் வாசியுங்கள். கதை எப்படித் தொடங்கும், எங்கே திரும்பும், 'ஆனால்' என்றால் அடுத்து வேறொன்று வரப்போகிறது என்பதையெல்லாம் ஒரு மொழியில் பிடித்த பிள்ளை அதை அடுத்த மொழிக்கும் எடுத்துப்போகும். ஆங்கிலப் புத்தகமும் இருக்கட்டும். தமிழை அதற்காக வெளியே அனுப்பவேண்டாம்.

தானாகப் படிக்கத் தொடங்கிவிட்டால் நிறுத்திவிடலாமா?

இரண்டாம் வகுப்பில் பெரும்பாலானவர்கள் நிறுத்துகிறார்கள். அது தவறான இடம். அந்த வயதில் பிள்ளையின் காது கண்ணைவிட வெகுதூரம் முன்னால் போயிருக்கும். அவன் தானே படிக்க முடிவது நாலு வரிக் கதை; கேட்டுப் புரிந்துகொள்ள முடிவது நாற்பது பக்கக் கதை. நீங்கள் நிறுத்தினால் அவனுக்கு மிஞ்சுவது நாலு வரிக் கதை மட்டும்தான், அதுவும் திக்கித் திக்கி.

ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான் என்று மாற்றி மாற்றி வாசியுங்கள். அவன் பக்கத்தில் தப்பு வந்தால் உடனே குறுக்கிடாதீர்கள். பொருள் கெட்டுவிட்டது என்று அவனுக்கே தெரிந்து திரும்பி வர ஒரு நொடி கொடுங்கள். பெரிய கதைகளை நாளுக்கு ஓர் அத்தியாயமாக நீங்களே வாசியுங்கள். என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. தனியாகப் பெரிய புத்தகங்களே படிக்கிறாள். இரவில் விளக்கை அணைக்கும் முன் இன்னும் ஒரு புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறாள்.